நூலடுக்கிலிருந்து வாசகருக்கு: சீ. இரா. அரங்கநாதனும் சென்னைப் பல்கலைக்கழக நூலகமும்

ஒரு பல்கலைக்கழகத்தின் நூல்கள் அனைத்தும் ஒரே கட்டடத்துள் அடங்கியிருக்கும்வரை, குறித்த ஒரு நூல் எங்கே இருக்கிறது என்னும் வினாவிற்குப் பணியாளரின் நினைவாற்றலே விடையளித்துவிடும். சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி எனப் பல வளாகங்களில் இன்று இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அந்நினைவாற்றல் போதாது. நூலின் இடத்தைச் சுவரும் அலமாரியும் தீர்மானிக்கக்கூடாது. அந்நூலின் பொருளே தீர்மானிக்க வேண்டும். அவ்வாறு தீர்மானிக்கப்பட்ட இடத்தை, பணியாளரின் துணையின்றி வாசகரே கண்டறிய வேண்டும். இவ்விரு கருத்துகளையும் இந்திய மண்ணில் முதன்முதலாக ஒரு முறைமையாக வகுத்தவர் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்னும் அடைமொழியோடு அவர் அறியப்பட்ட அளவிற்கு, அவரது பகுப்புமுறை தமிழ் நூல்களை எவ்வாறு எதிர்கொண்டது என்பது தமிழாய்வுலகில் பேசப்படவில்லை. அவர் வாழ்க்கையை அந்நோக்கில் காண்கிறது இக்கட்டுரை.

சீர்காழியும் சென்னையும்

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892 ஆகஸ்டு மாதம் அரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர், தாயார் சீதாலட்சுமி. ஊரார் சிலரைக் கூட்டி வைத்து இராமாயணம் படித்துச் சொல்லும் வழக்கம் தந்தையாருக்கு இருந்தது. மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் மறைந்தார். சீர்காழிச் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப்பள்ளியில் பள்ளிக் கல்வியை முடித்த அரங்கநாதன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்குக் கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்டு ராஸ் அவருக்கு ஆசிரியராக மட்டும் நின்றுவிடவில்லை. பின்னாளில் நூலகக் கோட்பாட்டின் முதற்படியை எடுத்துக்கொடுத்தவரும் அவரே.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்ற பின், 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பேச்சில் திக்கல் உடையவர் ஆசிரியத் தொழிலை விரும்பி ஏற்றதும் அதில் நிலைபெற்றதும் அவரது மன உறுதிக்குச் சான்றாகும். அவர் எழுதிய சில ஆய்வுக் கட்டுரைகள் கணித வரலாற்றைச் சார்ந்தவை. இக்கட்டுரைகள் இல்லையெனில் அவர் நூலகராகியிருக்க வாய்ப்பில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளில் நிகழ்ந்தமையால், தனக்கென ஒரு நூலகம் வேண்டும் என்னும் தேவை நெடுங்காலம் அதற்கு எழவில்லை. 1907இல் கன்னிமாரா பொது நூலகத்தின் இடத்தில் பல்கலைக்கழகத்தின் நூல்தொகுதி தொடங்கியது. அதற்கென முழுநேர நூலகர் பதவி உருவாகி, அதற்கு விளம்பரம் வெளிவந்தபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இலர். ஆய்வுப் பின்புலம் உடையவர் வேண்டும் என்று தேர்வுக்குழு எதிர்பார்த்தது. அரங்கநாதனின் கணிதக் கட்டுரைகள் அதனை நிறைவு செய்தன. நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, விண்ணப்பித்ததையே அவர் மறந்திருந்தார். நூலகம் பற்றி அவர் அன்று அறிந்திருந்ததெல்லாம், நேர்காணலுக்கு முன் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையின் செய்திகளே.

1924 சனவரியில் அவர் பொறுப்பேற்றார். சில நாள்களிலேயே அப்பதவி அவருக்குக் கசந்தது. மாணவர் நிறைந்த வகுப்பறையிலிருந்து வந்தவருக்கு, வாசகர் வாராத அறையில் நூல்களோடு தனித்திருப்பது சிறைபோல் தோன்றிற்று. கணிதத் துறைக்கே திரும்ப அனுப்புமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கற்றுவருவது, அதன் பின்னரும் மனம் மாறவில்லையெனில் கற்பித்தலுக்குத் திரும்புவது என்னும் உடன்பாட்டோடு 1924 செப்டம்பரில் கப்பலேறினார். நூலகம் ஏன் வெறுமையாக இருந்தது என்னும் வினாவும் அவரோடு பயணப்பட்டது என்று கொள்வது பொருந்தும். பின்னர் அவர் செய்தவை யாவும் அவ்வினாவிற்கான விடைகளாகவே அமைகின்றன.

இலண்டனில் ஒன்பது மாதங்கள்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பயின்ற காலத்தில், கிராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகராக இருந்த பெர்விக் சேயர்சு அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை அரங்கநாதன் நேரிற் சென்று கண்டார். தொழிலாளரும் குழந்தைகளும் பெண்களும் தாமே அலமாரிகளுக்கிடையே நடந்து நூல்களை எடுத்துப் புரட்டும் காட்சி, கணித ஆசிரியரை நூலகராக மாற்றியது. சென்னையில் தாம் விட்டுவந்த வெறுமைக்குக் காரணம் வாசகரின் ஆர்வக்குறைவு அன்று, நூலகத்தின் அமைப்பே என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

மற்றொரு தெளிவும் அங்கே கிடைத்தது. அன்று பெருவழக்கிலிருந்த டூயியின் பதின்மப் பகுப்பு, உலக அறிவு முழுவதையும் முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கும் முறையாகும். பட்டியலில் இடம்பெறாத புதிய பொருளுக்கும், இரண்டு மூன்று கூறுகள் இணைந்த பொருளுக்கும் அதில் இயல்பான இடமில்லை. இலண்டன் செல்ஃபிரிட்ஜ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளின் செயல்விளக்கத்தை அரங்கநாதன் கண்டார். துளையிட்ட ஒருசில தகடுகளையும் தண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையில் பூட்டி எண்ணற்ற பொம்மைகளை உருவாக்க முடிந்தது. அறிவுப் பொருள்களுக்கும் ஆயத்த எண்கள் வேண்டா. அடிப்படைக் கூறுகளும் அவற்றைப் பூட்டும் ஆணியும் இருந்தால் போதும் என்னும் எண்ணம் அங்கே தோன்றியது. ஆணியாக அவர் தேர்ந்தது முக்காற்புள்ளி. அதனால் அது கோலன் பகுப்பு எனப் பெயர்பெற்றது.

இந்நிகழ்ச்சியைக் கதைபோல் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இதனைத் தனித்த ஒரு கண்டுபிடிப்பாக அன்றி, கணிதப் பயிற்சியின் நீட்சியாகக் காண்பதே முறை. சில அடிப்படைகளிலிருந்து விதிகளின் வழி பலவற்றைப் பெறுதல் கணிதத்தின் இயல்பு. தமிழ் மரபில் பயின்றவர்க்கும் இது புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளைக் கொண்டு சொல்லாக்கத்தை நன்னூல் விளக்குவதும் இதே நெறியில்தான்.

வாசகரை முன்னிறுத்திய ஒழுங்கு

1925 சூலையில் சென்னை திரும்பிய அரங்கநாதன், கணிதத் துறைக்குத் திரும்பும் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை. அடுத்த இருபதாண்டுகளில் பெரும்பகுதி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும், விடுப்பின்றி அவர் உழைத்ததாக வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. முதல் மனைவி உருக்மிணி 1928இல் மறைந்தார். 1929இல் சாரதாவை மணந்தார். திருமண நாளன்று பிற்பகலே அவர் நூலகத்திற்குத் திரும்பினார் என்பர். இச்செய்தியைக் கடமையுணர்வுக்குச் சான்றாகவே வரலாற்றாசிரியர்கள் காட்டுவர். அந்த இல்லத்தில் அது எவ்வாறு உணரப்பட்டிருக்கும் என்பதையும் வாசிப்போர் எண்ணிப் பார்த்தல் தகும்.

நூலகத்தில் அவர் செய்த முதன்மையான மாற்றம் திறந்தமுறையை நடைமுறைப்படுத்தியதாகும். வாசகர் சீட்டெழுதிக் கொடுக்க, பணியாளர் உள்ளே சென்று நூலை எடுத்துவரும் பழைய முறையில், தாம் முன்பே அறிந்த நூலை மட்டுமே வாசகர் கேட்க முடியும். அறியாத நூலைக் கேட்கும் வழி அவருக்கில்லை. அலமாரிகள் திறந்துவிடப்பட்டால், தேடிவந்த நூலின் இருபுறமும் உள்ள நூல்கள் கண்ணிற்படும். ஆயின், திறந்துவிடுதல் மட்டும் போதாது. நூல்கள் வந்துசேர்ந்த வரிசையிலோ அளவு வரிசையிலோ அடுக்கப்பட்டிருந்தால், அண்டையில் நிற்கும் நூலால் வாசகருக்கு எப்பயனும் இராது. அண்டை நூல் உறவுடைய நூலாக இருக்கும்போதே திறந்தமுறைக்குப் பொருள் உண்டு. திறந்தமுறையும் பகுப்புமுறையும் ஒன்றன்றி ஒன்று இயங்காமைக்குக் காரணம் இதுவே. நூல் திருட்டுப் போகும் என்னும் அச்சம் அன்றும் இருந்தது. பூட்டிய நூலால் நேரும் இழப்பு, தொலைந்த நூலால் நேரும் இழப்பினும் பெரிது என்பதே அரங்கநாதனின் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டின் கோட்பாட்டு வடிவமே நூலக அறிவியலின் ஐந்து விதிகள். தம் நடைமுறைகளுக்கெல்லாம் அடிப்படையாக அமையும் சில உண்மைகளை அரங்கநாதன் தேடிக்கொண்டிருந்தபோது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியவை என்னும் முதல் விதியைச் சொல்லில் வடித்துக் கொடுத்தவர் பழைய ஆசிரியர் ராஸ். ஏனைய நான்கும் அதிலிருந்து கிளைத்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. வாசகரின் நேரத்தைச் சேமிக்கக் கூறுவது நான்காவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் இவ்விதிகளை அவர் முதன்முதலாக விளக்கினார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் இவற்றை நூலாக வெளியிட்டது. பி. எஸ். சிவசாமி ஐயர் முன்னுரையும் சேயர்சு அறிமுகவுரையும் வழங்கினர்.

ஐந்தாவது விதி பல்கலைக்கழக நூலகத்திற்குச் சிறப்பாகப் பொருந்துவது. நூல் வளரும், வாசகர் பெருகுவர், துறைகள் பிரியும், கட்டடங்கள் கூடும். ஆகவே அலமாரி எண்ணை நூலின் முகவரியாகக் கொள்ளும் நிலையிட முறை என்றேனும் முறிந்தே தீரும். அரங்கநாதன் வகுத்த முறையில் நூலின் முகவரி மூன்று பகுதிகளால் ஆனது. பொருளைக் காட்டும் பகுப்பெண், அப்பொருளில் அமைந்த நூல்களுள் ஒன்றைத் தனித்துக் காட்டும் நூலெண், அந்நூல் எத்தொகுதியில் இருக்கிறது என்பதைக் காட்டும் தொகுதியெண் என்பன அவை. ஒரு நூல் மைய நூலகத்திலிருந்து துறை நூலகத்திற்கு மாற்றப்பட்டால் மூன்றாவது பகுதி மட்டுமே மாறும், முதலிரண்டும் மாறா. வளாகங்கள் எத்தனை ஆயினும் பட்டியல் ஒன்றாகவே நிற்பதற்கு வழி இதுவே. 1936இல் சேப்பாக்கத்தில் கடற்கரையை நோக்கிய புதிய கட்டடத்திற்கு நூலகம் இடம்பெயர்ந்தபோது, நூல்களின் வரிசை அப்படியே உடன்சென்றது. ஒழுங்கு கட்டடத்தைச் சார்ந்திராமையின் பயன் அது.

கோலன் பகுப்பு 1933இலும், பகுத்தமைத்த பட்டியல் விதித்தொகுப்பு 1934இலும், நூற்பகுப்புக் கோட்பாட்டுக்கான முன்னுரைகள் என்னும் பெருநூல் 1937இலும் வெளிவந்தன. பணியாளர் பயிற்சிக்கென 1929இல் சங்கம் தொடங்கிய கோடைக்காலப் பள்ளியை 1931இல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. நூலகர் என்பவர் நூற்காவலர் என்றிருந்த எண்ணம் மாறுவதற்கு, நூல்களினும் இப்பள்ளியே காரணம் எனலாம்.

பகுப்பெண்ணில் தமிழ் இலக்கியம்

அரங்கநாதனின் முறை தமிழ் நூல்களை எவ்வாறு ஏற்றது என்பது தமிழாய்வாளர் நோக்கில் முதன்மையான வினா. டூயியின் பகுப்பில் இலக்கியத்திற்குரிய நூறு எண்களுள் பெரும்பகுதியை ஐரோப்பிய மொழிகள் பகிர்ந்துகொள்கின்றன. எஞ்சிய உலக மொழிகள் யாவும் 890 என்னும் ஒரே தொகுதிக்குள் அடைபடுகின்றன. தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. தமிழில் ஒரு கவிதை நூலைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஆறு இலக்கங்கள் செலவாகிவிடும். கோலன் பகுப்பில் இலக்கியத்தைக் குறிப்பது ஆங்கில நெடுங்கணக்கின் ஓ என்னும் எழுத்து, திராவிட மொழிகளுக்கு 3, தமிழுக்கு 31. ஆங்கிலத்திற்கு அங்கே 111. தமிழுக்கு இரண்டு இலக்கம், ஆங்கிலத்திற்கு மூன்று என்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் எம்மொழியும் எஞ்சியவற்றுள் ஒன்று எனத் தள்ளப்படவில்லை என்பது தெளிவு. மேலும், ஒரு நூலகத்தில் எம்மொழி நூல்கள் மிகுதியோ அம்மொழியை எண்ணுக்குப் பதிலாக ஒரு சிறுகோட்டால் குறித்து, வரிசையில் முன்வைத்துக்கொள்ளவும் விதி உண்டு. தமிழ்நாட்டு நூலகத்தில் தமிழ் முதலில் நிற்கலாம். பாரிசு நூலகத்தில் பிரெஞ்சு முதலில் நிற்கலாம். ஒரே முறை, அந்தந்த மண்ணிற்கேற்ப மையத்தை மாற்றிக்கொள்கிறது.

மொழியை அடுத்து இலக்கிய வடிவம் வரும்: கவிதைக்கு 1, நாடகத்திற்கு 2, புனைகதைக்கு 3. அதன்பின் ஆசிரியர். ஆசிரியரை அவர் பிறந்த ஆண்டால் குறிப்பது அரங்கநாதனின் முறை. 1800 முதல் 1899 வரையுள்ள நூற்றாண்டுக்கு எம் என்னும் எழுத்து உரியது. ஆகவே 1882இல் பிறந்த பாரதியாரின் கவிதைகளுக்குரிய எண் ஓ31,1எம்82 என அமையும். பெயரின் அகரவரிசையில் அடுக்கினால் பாரதியாரும் பாரதிதாசனும் அடுத்தடுத்து நிற்பர். பிறந்த ஆண்டில் அடுக்கினால் அலமாரியே இலக்கிய வரலாறாகிவிடும். நூலடுக்கின் முன் நடந்து செல்லும் மாணவர், ஒரு மொழியின் கவிதை வரலாற்றைக் காலவரிசையில் கடந்து செல்வார். ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் செய்ய விரும்புவதை அலமாரியைக் கொண்டே செய்துவிடும் உத்தி இது.

இடர்ப்பாடும் இங்கேயே தோன்றுகிறது. பிறந்த ஆண்டு தெளிவாக அறியப்பட்ட ஆசிரியர்களுக்கு இம்முறை சிறப்பாகப் பொருந்தும். தமிழின் பழம்பெரும் புலவர்களுக்கோ ஆண்டன்று, நூற்றாண்டே வழக்கில் உள்ளது. கம்பர் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்போர் கருத்தை ஏற்றால் அவர், கி.பி. முதல் ஆயிரத்தாண்டு முழுமைக்கும் உரிய டி என்னும் எழுத்தின்கீழ் வருவார். பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்போர் கருத்தை ஏற்றால் எஃப் என்னும் எழுத்திற்கு நகர்வார். திருவள்ளுவர் பிறந்த ஆண்டு கி.மு. 31 எனக் கொள்ளும் அரசு வழக்கைப் பின்பற்றினால் அவருக்குரியது சி. கிறித்துவுக்குப் பிற்பட்டவர் என்போர்க்கு டி. பகுப்பாளர் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே கால ஆராய்ச்சியில் ஒரு பக்கம் சார்ந்துவிடுகின்றனர். ஆண்டு அறியவியலாதபோது பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு குறிக்க மாற்றுவழி உண்டு என்றாலும், அதனைக் கையாண்டால் அலமாரி இலக்கிய வரலாறாகும் பயன் கெட்டுவிடும். பல புலவர் பாடல்களைக் கொண்ட சங்கத் தொகைநூல்களுக்கு ஒரே பிறந்த ஆண்டு என்பதற்கு இடமே இல்லை.

இக்குறை அரங்கநாதனின் கவனக்குறைவால் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. உரைமரபை அவர் நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பதற்குச் செந்நூல் உத்தி என அவர் வகுத்த விதியே சான்று. மூலநூல், அதன் உரை, உரைக்கு உரை ஆகியவை வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாயினும், பிரியாது ஓரிடத்தில் நிற்க அது வழி செய்கிறது. மேலைப் பகுப்புமுறைகள் இத்தேவையை இவ்வளவு கூர்மையாக உணரவில்லை. மூலத்தையும் உரையையும் ஒருசேர ஓதிய மரபிலிருந்து வந்தவருக்கே இவ்விதியின் இன்றியமையாமை எளிதில் புலப்படும். தொல்காப்பியத்தை அடுத்து இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் உரைகள் வரிசையாக நிற்பது தமிழாய்வாளருக்கு எத்துணை நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது சொல்லாமலே விளங்கும்.

1952இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் பகுப்பு முழுமையும் ஐந்து அடிப்படை வகைகளின்மேல் அமைந்தது: ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். முதற்பதிப்பில் எல்லாக் கூறுகளையும் பூட்டிய முக்காற்புள்ளி, இப்பதிப்பில் ஆற்றலுக்கு மட்டுமே உரியதாயிற்று. ஏனைய வகைகளுக்கு வேறு குறிகள் வந்தன. ஆளுமை என்னும் மொழிபெயர்ப்பு இங்குச் சற்று மயக்கம் தரும். ஒரு பொருளின் முதன்மைக் கூறு எதுவோ அதுவே ஆளுமை. தஞ்சைப் பகுதியில் 1950களில் நெற்பயிருக்கு வந்த நோயைத் தடுத்தல் பற்றிய நூலில் நெல் ஆளுமை, நோயும் தடுத்தலும் ஆற்றல், தஞ்சை இடம், 1950கள் காலம். இவ்வகைமையை, பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுக்கும் தமிழ் இலக்கண மரபோடு ஒப்புநோக்கலாம். பொருளும் தொழிலும் இடமும் காலமும் இரண்டிலும் உள்ளன. அகப்பாடலின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வகுத்ததையும் இங்கு நினைவுகொள்ளலாம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவு கட்டுதல் முறையன்று. உலகப் பொருள்களைச் சொல்லால் வகைப்படுத்த முற்பட்ட இருவேறு முயற்சிகள், ஒரே வகை வினாக்களை எதிர்கொண்டன என்ற அளவில் அவ்வொப்புமை நிற்கும்.

பட்டியலில் தமிழர் பெயர்களை அமைப்பதிலும் அவர் தனி விதி செய்தார். பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு தலைப்பிடும் மேலைவழக்கு, ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்துகளாக நிற்க இயற்பெயர் பின்வரும் தமிழ்ப் பெயர்களுக்கும், சாதிப்பட்டம் இறுதியில் நிற்கும் பெயர்களுக்கும் ஒருபோல் பொருந்தாது. ஐயர் என்றும் முதலியார் என்றும் தலைப்பிட்டால் நூற்றுக்கணக்கான ஆசிரியர் ஒரே சொல்லின்கீழ்த் திரள்வர். ஆகவே, ஒருவரை உண்மையில் அடையாளப்படுத்தும் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றை அடைப்பில் இட்டு, வேண்டுமிடத்துப் பிறந்த ஆண்டையும் சேர்க்கச் செய்தார். அவர் பெயரே அரங்கநாதன் என்று தொடங்கி, ஊரும் தந்தை பெயரும் அடைப்பினுள் பின்தொடர, 1892 என முடியும்.

பல்கலைக்கழகத்திற்கு வெளியே

ஒவ்வொரு வாசகருக்கும் நூல் என்னும் விதியைப் பல்கலைக்கழக மதில்களுக்குள் நிறுத்த இயலாது. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளராக இருந்து, நூலக இயக்கத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்ல அவர் முனைந்தார். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தவர் அரங்கநாதன். ஊரூராகச் சென்ற அவ்வண்டி, வாசகர் நூலகத்திற்கு வருதல் என்பதை நூலகம் வாசகரிடம் செல்லுதல் என மாற்றிக் காட்டியது.

எனினும் கொடையாளர் ஒருவரின் ஆர்வத்தால் நடைபெறும் நூலகம் அவரோடு நின்றுவிடும். சட்டமும் வரியும் இன்றி நூலகம் நிலைக்காது என்று உணர்ந்த அரங்கநாதன், 1930இல் காசியில் நடைபெற்ற அனைத்தாசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அவ்வடிப்படையில் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த முன்வரைவு நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின், கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. சென்னை நகருக்கு ஒன்றும் மாவட்டந்தோறும் ஒன்றுமாக நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன. சொத்துவரி, வீட்டுவரிகளின்மேல் நூலக வரி விதிக்கப்பட்டது. இன்று தொழிற்சாலைகள் அடர்ந்த ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தின் வேளாண் பகுதி. சேரப்பணஞ்சேரி போன்ற சிற்றூர்களின் வீட்டுவரியோடும் நூலகத்திற்கென ஒரு சிறுதொகை சேரத் தொடங்கியது. வரி கொடுப்பவர் நூலைக் கேட்கும் உரிமையுடையவர் ஆகிறார். கொடையைப் பெறுபவருக்கு அவ்வுரிமை இல்லை. சட்டத்தின் உட்கிடை இதுவே.

விலகலும் கொடையும்

ஓய்வு பெறும் வரை பணியாற்ற விரும்பிய பதவியிலிருந்து, நிருவாகத்தோடு எழுந்த முரண் காரணமாக, ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் அரங்கநாதன் விலக நேர்ந்தது. அவர் உருவாக்கிய நூலகத்தின் ஒழுங்கு அங்கேயே இருந்தது. அவ்வொழுங்கை மேலும் வளர்த்தெடுக்கும் ஆய்வு வடக்கே சென்றது. சிறிதுகாலம் மனச்சோர்வுற்றிருந்த அவரை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ச. இராதாகிருஷ்ணன் அழைத்தார். 1945இல் அங்குச் சென்று, ஓர் இலட்சம் அளவிலான நூல்களைத் தாமே பகுத்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், முதல்நிலைப் பகுப்பாளர் செய்யும் பணியைத் தம் கையாலேயே செய்தது அவர் இயல்பைக் காட்டும். 1947இல் மாரிஸ் குவயர் அழைப்பின்பேரில் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். நூலக அறிவியலில் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும் இந்தியாவில் அங்கு வேர்கொண்டன.

இக்காலத்திலேயே அவர் கோட்பாடு கடல் கடந்தது. 1950இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய நூற்றொகை, பொருட்குறிப்பு அமைப்பதற்கு அவரது சங்கிலி முறையைக் கையாண்டது. 1952இல் இலண்டனில் உருவான பகுப்பாய்வுக் குழுவினர் கூறுவழிப் பகுப்பைத் தம் அடிப்படையாகக் கொண்டனர். கோலன் பகுப்பை அப்படியே ஏற்ற அயல்நாட்டு நூலகங்கள் மிகச் சில. அதன் கோட்பாட்டை ஏற்ற பகுப்புமுறைகளோ பல. பதிப்புதோறும் அடிப்படைகளையே மாற்றிய அவர் போக்கும் இதற்கொரு காரணம். பத்தாயிரக்கணக்கான நூல்களுக்கு முதுகெண் எழுதி ஒட்டிய நூலகர், அடுத்த பதிப்பில் குறிகள் மாறியதை மகிழ்ச்சியோடு வரவேற்றிருக்க முடியாது. வாசகரின் நேரத்தைப் பற்றி விதி செய்தவர், பணியாளரின் நேரத்தைப் பற்றி அந்த அளவு எண்ணவில்லை என்னும் குறை நியாயமானதே.

1955 முதல் 1957 வரை சூரிச்சில் தங்கி எழுதிய காலத்தில், சென்னையோடு இருந்த உறவு எதிர்பாராத ஒரு வடிவில் புதுப்பிக்கப்பட்டது. தம் வாழ்நாள் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கி, மனைவியின் பெயரால் நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவச் செய்தார். மனம் நொந்து விலகிய நிறுவனத்திற்கு அக்கொடை சென்றது என்பதையும், நன்கொடையாளர் பெயருக்குப் பதிலாகச் சாரதாவின் பெயரே அதில் நின்றது என்பதையும் சேர்த்தே காணவேண்டும். அரங்கநாதன் நூலகத்திற்குக் கொடுத்த ஆண்டுகளில் பெரும்பகுதி, சாரதாவிடமிருந்து எடுக்கப்பட்டவை.

1957இல் பத்மசிறீ விருதும் 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவருக்கு வழங்கப்பெற்றன. 1962இல் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவி, தம் இறுதி ஆண்டுகளை அதன் மாணவரோடு கழித்தார். நூலகப் பணிக்கு வருமுன் தம் மனம் ஈடுபட்டிருந்த கணிதத்திற்கும் ஒருமுறை திரும்பினார். சீனிவாச இராமானுசன் வாழ்க்கையைப் பற்றிய அவரது நூல் 1967இல் வெளிவந்தது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் அவர் காலமானபோது, கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்புக்கான பணி முடிவுறாமல் இருந்தது. மாணவர் எம். ஏ. கோபிநாத் அதனைத் திருத்தி நிறைவு செய்ய, 1987இல் அப்பதிப்பு வெளிவந்தது.